சாக்பீஸ் வட்டம்

அந்தத் திரைச்சீலைக் கடையின் பின்கட்டில் கட்டிங் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். துணியை வெட்டுவதும் அவர், தைத்து வந்ததைச் சரிபார்ப்பதும் அவர். தையல் கோணியிருந்தாலோ மடிப்பு சுருங்கியிருந்தாலோ வாயே திறக்க மாட்டார். அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். மறுபேச்சில்லாமல் பிரித்துத் தைக்க வேண்டும். வட்டம் வாங்காமல் துணி இஸ்திரிக்குப் போனால் அதுதான் பாராட்டு என்பது அவர் எண்ணம். என்ன, அந்த எண்ணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த தையல்காரி, இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொன்னபோது மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த தெருவில் திறந்திருக்கும் புதுக் கடையில் கூப்பிட்டார்களாம். சம்பளம் இதேதானாம். அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

"என்ன குறை வெச்சேன் அவங்களுக்கு? அவங்க தையல்ல நான் வட்டமே போட்டதில்ல, தெரியுமா?"

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா?"

"வட்டம் போடலைன்னா என்ன அர்த்தம்?"

"உங்க அகராதி உங்களுக்குத்தான் வெளிச்சம். நானும் இந்த வீட்ல வட்டம் வாங்காமத்தான் காலத்தை ஓட்டிட்டிருக்கேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள் அவள்.

மறுநாள் பெரியக்கா தைத்த திரை அவர் மேசைக்கு வந்தது. பெரிய பெரிய பூப்போட்ட துணி. இரண்டு அகலத் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது பாதிப் பூ இந்தப் பக்கமும் பாதிப் பூ அந்தப் பக்கமுமாக வரும். ஒரு நூல் நகர்ந்தாலும் பூ உடைந்துபோகும். மாஸ்டர் தானே வெட்டிய துணிதான், ஆனாலும் ஜாயின்ட் எங்கே இருக்கிறதென்று விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. அந்தப் பூவைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டு, பெரியக்காவின் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பெரியக்கா பிளேடை வைத்து அந்த ஜாயின்டை மேலிருந்து கீழ்வரை பிரித்து முடித்திருந்தார்.

"ஐயோ, என்னக்கா பண்றீங்க?"

"வட்டம் போட்டிருந்தீங்களே மாஸ்டர். என்ன தப்புன்னு எனக்குப் புரியல. நீங்க போட்டா காரணம் இல்லாம இருக்குமா?" பிரித்த நூலை உதறினார். "போற நேரத்துல முதல் வட்டம்."

திரைக்கு வளையம் அடிக்கும் பெண் சுத்தியலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். மாஸ்டருக்குத் தன் கையை எங்கேயாவது ஒளித்துவைக்கலாம் போலிருந்தது.

"தப்புன்னு போடலக்கா. நல்லா இருந்துச்சு. அதான் போட்டேன்."

பெரியக்கா பிளேடைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "நல்லா இருந்தா சொல்றதுக்கென்ன? வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

இனித் தப்பிக்க வழியில்லை.

"ஜாயின்ட் எங்கன்னு எனக்கே தெரியலக்கா. இது மட்டுமில்ல. போன மழைக்காலத்துல அந்த மாடி வீட்டுக்குக் கோடு போட்ட திரை தெச்சீங்களே, அதை மாட்டப் போனவன் இறங்கி வர மனசில்லாம அங்கேயே நின்னேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் கஷ்டமான துணியெல்லாம் நான் ஒத்துக்கிட்டேன்."

எல்லா மிஷினும் நின்றிருந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் கடைப்பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டேன்" என்றார் பெரியக்கா. "இப்ப வாக்குக் குடுத்துட்டேனே மாஸ்டர்."

அதற்குமேல் மாஸ்டர் கெஞ்சவில்லை. கெஞ்சினால், சொன்னதெல்லாம் காரியத்துக்காகச் சொன்னதாகிவிடும். பெரியக்கா பூவை மறுபடியும் சேர்த்துத் தைத்தார்.

கடைசி நாள் சாயங்காலம், பெரியக்கா தோளில் பையோடு கட்டிங் மேசைக்கு வந்தார். "அந்தச் சாக்பீஸைக் கொஞ்சம் குடுங்க."

அதை வாங்கி, மாஸ்டர் வெட்டி விரித்திருந்த துணியின் ஓரத்தில் பெரியக்கா ஒரு வட்டம் போட்டார்.

மாஸ்டர் பதறிப்போய்க் கண்ணாடியை மாட்டினார். டேப்பை வைத்து அளந்தார். குனிந்து பார்த்தார், துணியைத் திருப்பியும் பார்த்தார். பூவோடு பூ சேரவேண்டுமே என்று அவர் எப்போதும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டும் இடம் அது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"தப்பு ஒண்ணும் தெரியலையேக்கா."

பெரியக்கா வாசல்வரை போயிருந்தார். "அந்த ஒரு சாண் இல்லாம நான் எந்தப் பூவைச் சேர்த்திருப்பேன்? நானும்தான் இத்தனை வருஷமா சொல்லவே இல்ல, மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசையைச் சுத்தம் செய்ய பிரஷ்ஷை எடுத்தார். வட்டத்தைச் சுற்றியிருந்த தூசியை மட்டும் தட்டிவிட்டு, விளக்கை அணைத்தார்.