அம்மாவும் ஆடலாம்

"அந்தச் சனியன் இன்னும் இருக்கா?" என்று அம்மா கேட்டபோது சின்னவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எந்தச் சனியன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயருக்கு உரியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பழைய வீடியோ கேம் பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் முடங்கிக் கிடந்தது.

"இருக்கு. எதுக்கு?"

"அந்தச் சத்தத்த ஒரு தடவ கேக்கணும்டி. நான் கண்ண மூடறதுக்குள்ள."

அம்மாவின் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணை மூடுகிற பேச்சு அவளுக்கு அன்றாடம் உள்ளதுதான். காபியில் சர்க்கரை குறைந்தாலும் அதே பேச்சு வரும். ஆனால் இந்த முறை குரலில் நாடகம் இல்லை. சின்னவள் துணிகளை அப்படியே விட்டுவிட்டுப் பரணில் ஏறினாள்.

சின்னவள் என்றதும் ஏதோ சிறுமி என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் லென்ஸ் பொருத்திப் பொருத்தி, அவளுக்கே வெள்ளெழுத்து வந்துவிட்டது. பெரியவன் பதினாலு வயதோடு நின்றுபோனான். அண்ணனை எப்போதோ தாண்டி வந்துவிட்டாலும் வீட்டில் அவள் சின்னவள்தான்.

வீடியோ கேம் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே ஒரு விளம்பரத்தால். சோபாவில் அப்பா, அம்மா, மகன், மகள். நாலு பேருக்கும் கடைவாய்ப்பல் வரை தெரியும். டிராகன் தீ கக்கும், ராக்கெட் சீறும். கடைசியில் அந்த விளம்பர அம்மா ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிக் காட்ட, இடி இடிக்கிற குரல் ஒன்று "அம்மாவும் ஆடலாம்!" என்று முழங்கும். அப்பாவை அரித்துப் பிடுங்கி வாங்கி வந்து கேசட்டைச் செருகினால், டிராகனையும் காணோம், ராக்கெட்டையும் காணோம். ஒரு சிவப்புச் சதுரம், அதன் தலையில் ஒரு மஞ்சள் சதுரம். அதுதான் மனிதனாம்! நானாக இருந்தால் அந்த விளம்பரக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். பெரியவனோ அந்த மஞ்சள் சதுரம் தொப்பி போட்டிருக்கிறது என்று சத்தியம் செய்தான். சின்னவள் உற்றுப் பார்த்தாள். தொப்பி இருந்தது.

யாரும் எதையும் அமுக்காமல் விட்டால், கொஞ்ச நேரத்தில் அந்த மனிதன் தானாகவே ஆடிக் காட்டுவான். கடையில் வேடிக்கை பார்ப்பவர்களை இழுக்க வைத்த வித்தை. அதுவும் ஒருவகை விளம்பரம்தான். ஓடுவான், தாவுவான், மூன்றாவது பள்ளத்தில் விழுவான், மறுபடி முதலிலிருந்து வருவான். பெரியவன் வயர் செருகாத ஜாய்ஸ்டிக்கைத் தங்கை கையில் கொடுத்து, "நீதான் ஆடற" என்று சொல்லிவைத்தான். அவளும் ஒரு கோடை முழுக்க அதை நம்பி, கட்டை விரல் வீங்க ஆடினாள். தெரிந்த நாளில் அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.

அவன் அடிக்கடி அடுப்படிப் பக்கம் திரும்பி, அந்த இடிக்குரலில் "அம்மாவும் ஆடலாம்!" என்று கத்துவான். "ஆடறதுக்கு நான் என்ன பம்பரமாடா?" என்று பதில் வரும்.

ஒரு மத்தியானம் அம்மாவுக்குத் தலைவலி. "அந்தச் சனியன அணைச்சிட்டு வெளிய போய்த் தொலையேன்டா!" என்றாள். அவன் அணைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனையில் லாரி. அன்றோடு அம்மாவின் வாயில் 'தொலை' என்கிற சொல்லே வரவில்லை. அப்பா காலமானபோது அம்மா வாய்விட்டு அழுதாள், பெரியவனுக்கு அழவில்லை. வீடு அமைதியாக இருக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்னவளுக்கும் அந்த வீட்டின் அமைதி பயம்தான். பக்கத்து வீட்டில் டிவி போட்டால்கூட, அடுத்து அந்த இடிக்குரல் வரப்போகிறது என்று கழுத்து தானாகத் திரும்பும்.

மறுநாள் சின்னவள் வீடியோ கேமை டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் பெட்டியின் வயர்களைச் சரிசெய்துவிட்டார். கேசட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த செம்புப் பற்களில் பச்சை பூத்திருந்தது.

"ஓடலன்னா இதுல ஊதுவீங்களா?"

"அண்ணன் ஊதுவான். எல்லாரும் ஊதுவாங்களே!"

"எல்லாரும்தான் ஊதுனாங்க. மூச்சு ஈரம் பட்டுப் பட்டுக் களிம்பு ஏறியிருக்கு பாருங்க. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதை. ஒண்ணும் கவலப்படாதீங்க, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போயிடும்."

அவர் பஞ்சை நனைத்தார். சின்னவள் அந்தப் பச்சையைப் பார்த்தாள். அவன் சட்டைகளைக் கொடுத்தாயிற்று, புத்தகங்களைக் கரையான் தின்றாயிற்று. அவன் மூச்சு பட்டதற்கு அடையாளமாக உலகத்தில் மிச்சம் இது ஒன்றுதான்.

"துடைக்காதீங்க!" என்று கேசட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"துடைக்காம ஓடாதுங்க."

"ஓட வேண்டாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னாள். துடைத்தால் சத்தம் கேட்கும், அவன் மூச்சு போய்விடும். துடைக்காவிட்டால் மூச்சு இருக்கும், சத்தம் கேட்காது. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அம்மா கேசட்டை வாங்கி, பச்சையை விரலால் தடவினாள். "எச்சில் பண்ணாதடான்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?"

பிறகு அதை வாயருகே கொண்டுபோனாள். இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரு நீண்ட ஊதல், கடைசியாக நடுவில் ஒரு குட்டி ஊதல். அச்சு அசல் அவன் ஊதுகிற மாதிரியே. அடுப்படியிலிருந்து அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இப்பப் போடு."

அம்மா யாரையும் மாற்ற விடாத பழைய டிவியில் முதலில் கோடு கோடாக வந்தது. பிறகு கேமின் அந்தத் தொடக்க மெட்டு வீடு முழுக்கக் கிளம்பியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மெட்டு நின்றதும் கண்ணைத் திறந்தவள் அப்படியே உறைந்துபோனாள். ஜாய்ஸ்டிக் இரண்டும் தரையில் கிடந்தன. திரையில் மஞ்சள் தலைக்காரன் ஓடிக்கொண்டிருந்தான்.

"யாருடி ஆடறா?"

உண்மை சின்னவளின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, ஒரு ஜாய்ஸ்டிக்கின் வயரை ஓசைப்படாமல் உருவி, அம்மா கையில் வைத்தாள்.

"நீதாம்மா. அம்மாவும் ஆடலாம்."

அம்மா பயந்து பயந்து அமுக்கினாள். அவன் தாவினான். மறுபடி அமுக்கினாள். மறுபடி தாவினான். "நான் சொல்றபடி கேக்கறான்டி!" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சின்னவள் மறந்தே போயிருந்தாள். மூன்றாவது பள்ளம் வருவதை அவள் பார்க்கும்போதே அவன் விழுந்துவிட்டான்.

அம்மா ஜாய்ஸ்டிக்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "நான்தான்டி... நான்தான் அவனப் போகச் சொன்னேன்." இத்தனை வருஷ அழுகையும் அப்போதுதான் வெடித்தது.

சின்னவள் தொங்கிக்கொண்டிருந்த வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாரும்மா. இது செருகவே இல்ல. நீ அமுக்கினதால அவன் விழல. யாரு என்ன அமுக்கினாலும் அவன் அங்கதான் விழுவான்."

அம்மா வயரைப் பார்த்தாள். அதற்குள் திரையின் இடது ஓரத்திலிருந்து அவன் மறுபடி வந்தான்.

அம்மா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பள்ளம் வருதுடா. பாத்துப் போ" என்றாள்.