பச்சைக் கொடி மட்டும்

அக்காவின் நிலத்தைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குத்திக்காட்ட வேண்டாம்.

சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை ரயில் பாதை போட வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. ஊரே கையெழுத்துப் போட்டுவிட்டது, அக்கா மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போச்சு. வாரம் இரண்டு முறை நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். பஸ்ஸில் போகவே நாலு மணி நேரம். கம்பெனி மேனேஜர் நம்ம ஆள்தான், நம்ம பாஷைதான். வரைபடத்தில் எங்கள் ஊர்மேல் விரலை வைத்து, "இங்க ஸ்டேஷன்" என்றார். போதாதா? அக்காவிடம் ஓடினேன்.

"ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்க்கா. என்னை நம்பு."

"உன்னை நம்பாம யாரைடா நம்புவேன்?" என்று கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஸ்டேஷன் கட்டினார்கள், அதில் குறையே சொல்ல முடியாது. பிளாட்பாரம், பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய். மந்திரி ரிப்பன் வெட்டினார். என்னை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கித் தொப்பியும் கொடுத்தார்கள். புது மாப்பிள்ளை மாதிரி நின்றேன், வெட்கக்கேடு.

முதல் வண்டி வரும் நாள். "பஸ்ஸுக்குப் போகாதே, நானே ஏத்தி விடறேன்" என்று சொல்லியிருந்தேன். அக்கா பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அலமாரியைத் திறந்தால் ஒரே ஒரு கொடி, பச்சை. சிவப்பு எங்கே என்று மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சிவப்பு எதுக்கு? தாது வண்டி நிக்காதே."

"அப்ப ஜனங்க போற வண்டி?"

"அது ஒப்பந்தத்துல இல்லப்பா. ஸ்டேஷன் கட்டித் தரோம்னோம், கட்டிட்டோம். அறுபது வருஷத்துக்குத் தண்டவாளம் வெளிநாட்டுக்காரங்களோடது. நம்ம அரசாங்க வண்டிகூட ஏற முடியாது."

"யாரு ஒத்துக்கிட்டது?"

"மந்திரிதான். ஒப்பந்தத்துல உனக்கும் ஒரு காப்பி கொடுத்தோமே, படிக்கலையா?"

படிக்கவில்லை. ஊரில் படித்தவன் என்று பெயர் மட்டும்தான்.

எங்கள் மலையை வெட்டி ஏற்றிக்கொண்டு எண்பது பெட்டிகள் கடந்து போயின. தூசியில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் கொடியைக் காட்டினேன், வேலை அதுதானே.

கடைசிப் பெட்டி போனதும் அக்கா மணி கேட்டாள். அன்றைக்கு இருந்த ஒரே பஸ் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

"தெரிஞ்சேதான் சொன்னியாடா?"

"சத்தியமா இல்லக்கா."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் கை கொடுத்தேன். பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள். நம்பு என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் ஏது?