டிம்னா கேட்ட சனிக்கிழமை

என் மனைவி டிம்னா ஒன்பது வயதில் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தவள். நான் முப்பத்தெட்டு வயதில் எடுத்தேன், அதுவும் அவள் நச்சரித்ததால். கோல்ஃபில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஹேண்டிகேப் என்று ஓர் எண் உண்டு. எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரர். அவளுடையது ஆறு, என்னுடையது இருபத்துநான்கு. கராஷீன் கோல்ஃப் கிளப்பில் இருந்த இருநூறு ஆண்களில் அவளை ஜெயிக்கக்கூடியவர்கள் எட்டுப் பேர் இருந்தால் அதிகம்.

ஆனாலும் சனிக்கிழமை காலையில் ஆடலாம் என்ற அனுமதி எனக்குத்தான் இருந்தது. அவளுக்கு இல்லை.

நான் சொல்வது தொண்ணூற்றாறாம் ஆண்டு. எங்கள் கிளப்பில் பெண்கள் எல்லாரும் 'இணை உறுப்பினர்கள்'. சந்தா குறைவு, ஆனால் ஓட்டு கிடையாது, ஆண்டுக் கூட்டத்துக்குள் நுழைய முடியாது. சனி, ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி வரை மைதானம் ஆண்களுக்கு. பெண்களுக்கென்று செவ்வாய்க்கிழமை. டிம்னா கால்நடை மருத்துவர். எங்கள் ஊரில் செவ்வாய் என்றால் மாட்டுச்சந்தை. காலை ஆறு மணியிலிருந்து முழங்கை வரை சாணியோடு நிற்பாள். மற்ற நாட்களும் அப்படி இப்படித்தான். நானோ தபால்காரன். பகல் பன்னிரண்டு மணிக்கே என் பை காலி. எந்த நாள் வேண்டுமானாலும் எனக்கு ஆட நேரமுண்டு, சனிக்கிழமையும் எனக்கே. சனிக்கிழமையை விட்டால் நாளில்லாதவளை மதியம் இரண்டுக்கு மேல் வா என்றார்கள். குளிர்காலத்தில் இரண்டு மணிக்குத் தொடங்கினால் பதினெட்டுக் குழிகளில் பதினோராவதை எட்டும் முன்பே இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாது.

அவள் கிளப் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். நான்கு மாதம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஏற்பாடு திருப்திகரமாக இருப்பதாகக் குழு கருதுகிறதாம். யாருக்குத் திருப்தி என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தவர் செயலாளர் மாலக்கி டூயி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். டிம்னா நேரே அவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போய் நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்குன்னுதானே குடுத்திருக்கோம், டிம்னா?" என்றார் மாலக்கி.

"செவ்வாய்க்கிழமை சந்தை, மாலக்கி. போன செவ்வாய் உங்க தம்பி பசுவுக்குக் கையை விட்டுக் கன்னு எடுத்தது யாரு?"

"நீங்கதான். அவன் இன்னும் சொல்லிட்டே இருக்கான். ஆனா சந்தைக்கு நாங்க என்ன பண்ண முடியும்? நாளை மாத்தச் சொல்லிப் பாருங்களேன்."

"சந்தை இருநூறு வருஷமா செவ்வாய்க்கிழமைதான் நடக்குது."

"பாத்தீங்களா? எங்க சனிக்கிழமையும் அப்படித்தான்."

டிம்னா மூச்சை இழுத்து விட்டாள். "சரி. முழுச் சந்தா கட்டறேன். முழு உறுப்பினரா சேத்துக்குங்க."

மாலக்கி விதிப்புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்தார். "முழு உறுப்பினர்னா பதினெட்டு வயசு நிரம்பின கனவான்னு போட்டிருக்கே."

"விதியை மாத்துங்க."

"மாத்தலாமே. ஆனா அதுக்கு முழு உறுப்பினருங்கதான் ஓட்டுப் போடணும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். மாலக்கி கெட்ட மனிதர் என்றால் எங்கள் வேலை சுலபமாக இருந்திருக்கும். என் அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

அடுத்து, பெண்கள் பக்கமாவது ஆதரவு கிடைக்கும் என்று நினைத்து, மகளிர் பிரிவின் தலைவி ஃபிலோமினா கில்ஹூலியிடம் போனாள். அந்த அம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க செவ்வாய்க்கிழமைக்கு உலை வெச்சிடாதே, கண்ணு. முழுச் சந்தா கட்டணும்னு ஆயிட்டா எங்கள்ல பாதிப் பேர் நின்னுடுவோம். நாங்க சந்தோஷமாத்தான் இருக்கோம்."

"நீங்க தாராளமா இருங்க, ஃபிலோ. நான் இல்லையே!"

அந்த ஜூன் மாதம் கேப்டன் கோப்பைப் போட்டி வந்தது. கிளப்பில் ஆண்டின் பெரிய போட்டி அதுதான், ஆண்களுக்கு மட்டும். சனிக்கிழமை காலை பெண்கள் மைதானத்தில் ஆடக்கூடாது என்றுதான் விதி. ஆடுகிறவனின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது என்று விதி இல்லை. பை தூக்குகிறவர் யோசனை சொல்வதற்கும் தடையில்லை. டிம்னா என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று நான் ஆடவில்லை. அவள் என்னை வைத்து ஆடினாள். பதினாலாவது குழிக்கு முன்னால் ஒரு பெரிய ஓடை. கடலிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. நான் பையிலிருந்த பெரிய மட்டையில் கையை வைத்தேன்.

"அதை உள்ள வை," என்றாள்.

"தாண்டிடும், டிம்னா."

"தாண்டாது. ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை எடு. ஓடைக்கு இந்தப் பக்கம் போட்டுட்டு அடுத்த அடியில தாண்டு. வீரத்தை எல்லாம் கடிக்கிற நாய் இருக்கிற வீட்டுல தபால் போடறப்ப காட்டிக்கலாம்."

அடித்த எண்ணிக்கையில் அவரவர் ஹேண்டிகேப்பைக் கழித்துப் பார்த்தார்கள்; மற்றவர்களைவிட இரண்டு அடி குறைவாக அடித்து நான் ஜெயித்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே போட்டி.

பரிசு கொடுப்பது ஆண்களின் மதுக்கூடத்தில். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். டிம்னா பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே வெளியே நின்றாள். மாலக்கி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். எல்லாரும் மேசையைத் தட்டி "பேசு, பேசு" என்றார்கள். கூட்டத்தில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னென்னவோ உளறிவிட்டு, "என் பையைத் தூக்கினவங்களுக்கும் நன்றி" என்று முடித்தேன்.

கூடமே சிரித்தது. "யூனன், அடுத்த வாரம் எனக்கும் அனுப்பி வைப்பா!" என்று ஒருவன் கத்தினான். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். வாசலைப் பார்த்தபோது அவள் இல்லை. பை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ஆற்றுப் பாலத்தில் அவள் சொன்னாள்.

"அவங்க சிரிச்சது எனக்குப் பெருசில்ல. அவங்க பொழப்பே அதான். நீ எதுக்குச் சிரிச்ச?"

"எல்லாரும் சிரிச்சாங்க... என்னமோ வந்துடுச்சு."

"பதினெட்டுக் குழிக்கும் உனக்கு மட்டை எடுத்துக் குடுத்தேன், யூனன். ஒரு வாக்கியமும் எடுத்துக் குடுக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு."

அந்த வாரமே உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதினேன். ஆண், பெண் வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே சந்தா, ஒரே ஓட்டு, ஒரே ஆட்ட நேரம். அவளால் கொண்டுவர முடியாத தீர்மானத்தை நான் கொண்டுவரலாம் அல்லவா? இருபத்துநான்கு ஹேண்டிகேப்காரனாக இருந்தாலும் நான் கனவான்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஆண்டுக் கூட்டம். எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, பெண்கள் வந்துவிட்டால் மதுக்கூடத்தில் மனம்விட்டுப் பேச முடியாது என்றார்.

"என்னத்தைப் பேசறீங்க?" என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், குரல் வந்துவிட்டது. "ஒரு வருஷமா கேட்டுட்டுதான் இருக்கேன். முழங்கால் வலி, மூத்திரக் கோளாறு, புல்வெட்டற மெஷினு. இதுல பொம்பளைங்க கேக்கக்கூடாத ரகசியம் எது?"

இன்னொருவர், "ஏம்பா, பொண்டாட்டி கிட்டேயிருந்து தப்பிக்கத்தானே நாங்க இங்க வர்றோம்?" என்றார்.

"உங்க பொண்டாட்டிக்கும் அந்த ஆசை இருக்காதா?"

சிலர் சிரித்தார்கள். ஓட்டெடுப்பில் ஆதரவு பதினேழு, எதிர்ப்பு நூற்றிருபத்தொன்று.

டிம்னா வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கையைச் சொன்னேன்.

"பதினேழு பேரா? நீ ஒருத்தன்தான் இருப்பேன்னு நினைச்சேன்."

"அதுல ஒருத்தர் ஓட்டுப் போடலே. கழிப்பறை எந்தப் பக்கம்னு கேக்கக் கை தூக்கினார்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். ஹாரன் அடித்தது.

அதற்குப் பின் இரண்டு குளிர்காலம் விடாத மழை. மைதானத்தின் தாழ்ந்த பக்கம் நான்கு குழிகள் ஏரியாகிவிட்டன. அன்னம் வந்து நீந்தியது. புதிய வடிகால் போட அரசு மானியம் தேவைப்பட்டது. மானிய விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் சங்கத்தில் வயதுவந்த உறுப்பினர் அனைவருக்கும் சம உரிமை உண்டா? ஆம், இல்லை. இல்லை என்றால் மேற்கொண்டு நிரப்ப வேண்டாம்.

சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மாலக்கி. பழைய குறிப்பேட்டைப் பார்த்து என் வாசகத்தை ஓர் எழுத்து மாறாமல் எழுதி வந்திருந்தார். பதினொரு நிமிடத்தில் நிறைவேறியது. நான்கு பேர்தான் எதிர்த்தார்கள். அதன்பின் வடிகால் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று ஐம்பது நிமிடம் சண்டை போட்டார்கள். ஒருவர் கண்ணீர் விடாத குறை.

மறுநாள் மாலக்கி முழு உறுப்பினர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு டிம்னாவின் மருத்துவமனைக்கே வந்தார். அவள் ஒரு பூனையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இதுல எப்பவுமே மறுப்பு கிடையாது, டிம்னா. எல்லாத்துக்கும் ஒரு வேளை வரணும் இல்லியா?"

அவள் பூனையை விடாமல் ஒரு கையை நீட்டினாள். "பேனா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டுப் பத்துக்கு அவள் முதல் பந்தை அடித்தாள். பந்து நேராகப் போய்ப் புல்வெளியின் நடுவில் விழுந்தது. சுற்றி நின்ற ஆண்கள் ஷூ கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "நல்ல அடி," என்றார். அன்றைய போட்டியில் அவளுக்கு நான்காவது இடம். நான் வழக்கம்போல் கடைசிக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்ததும், "சந்தோஷமா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"சந்தோஷப்படணும்னுதான் காலையில எழுந்தேன்," என்றாள். "அங்க போய் நின்னா, எத்தனை சனிக்கிழமை போச்சுன்னு மனசு எண்ண ஆரம்பிச்சுடுச்சு. முப்பது வருஷம், யூனன். கடைசியில ஒரு குழாய்க்காக விட்டாங்க. நான் எழுதின கடிதத்தை அவங்கள்ல ஒருத்தராவது முழுசா படிச்சிருப்பாங்கன்னு நினைக்கறியா?"

கெட்டிலை வைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமைக்குப் பெயர் பதியத் தொலைபேசியை எடுத்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் பதினான்கு பெண்கள் முழு உறுப்பினரானார்கள். மறு ஜனவரியில் டிம்னா, நான் எழுதிக் கொடுத்த பேச்சோடு குழுவுக்குப் போட்டியிட்டு ஆறு ஓட்டில் தோற்றாள். மறுபடியும் நிற்கப் போகிறாளாம். இந்த முறை பேச்சை நான் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.