தூண்டில் முனை

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். எங்கள் மகன் போன சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் நீளம் இருக்கும். ஒரு பக்கம் திறந்திருந்தது. மறுபக்கம் மூடி போட்டு, நடுவில் ஒரு திருகாணியை முடுக்கியிருந்தார்.

"சின்னப் பிள்ளையோட தொண்டை இவ்வளவுதானாம். டாக்டர்கிட்டக் கேட்டு அளந்து வெட்டினேன். இதுக்குள்ள விழற எதையும் பிள்ளைங்க கையில குடுக்காத."

அதை நாங்கள் 'தொண்டை' என்றே சொல்லத் தொடங்கினோம். எங்கள் மகன் விழுங்கியது ஒரு சிவப்புக் காய். பிறந்தநாளுக்கு யாரோ தந்த விளையாட்டுப் பெட்டியில் இருந்தது. அப்போது அவனுக்கு மூன்று வயது. வாசலுக்கு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இன்றும் வரவில்லை.

அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் இரண்டு அறைகளில் நடந்த மழலையர் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். பள்ளியை நடத்தியவரை எல்லோரும் பெரிய மிஸ் என்பார்கள். பலகை விளையாட்டுகள் வாங்கும் பொறுப்பை அவர் என்னிடமே விட்டிருந்தார். ஏன் என்னிடம் விட்டார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நான்கு வயதுக்கு விளையாட்டு தேடுவது எல்லோரும் நினைப்பதுபோல எளிய வேலையில்லை. எழுத்து இருக்கக் கூடாது. எண்ணுவதைவிட நிறம் நல்லது. ஆட்டம் நீண்டால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். தன் முறை வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், ஆனால் அழுகை வரும் அளவுக்கு அல்ல. தோற்றவர் மூலையில் உட்கார நேர்கிற ஆட்டத்தை நான் தொடவே மாட்டேன். இதெல்லாம் சரியாக வந்தபின் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு காயையும் தொண்டையில் போட்டுப் பார்ப்பேன். உள்ளே விழுந்தால் பெட்டி திரும்ப அலமாரிக்குப் போகும். கடைக்காரர் என்னைக் கண்டாலே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"நீங்க விளையாட்டு வாங்க வர்றீங்களாம்மா, குண்டு தேட வர்றீங்களா?"

"ரெண்டும்தான்" என்பேன்.

காந்தம் உள்ள எதையும் நான் வாங்கியதில்லை. ஆனால் அந்த மீன்பிடி ஆட்டம் நான் வாங்கியது அல்ல. குருவியின் அம்மா பிறந்தநாள் பரிசாகப் பள்ளிக்குத் தந்தது. குருவி என்பது நாங்கள் வைத்த பெயர். நான்கு வயதுப் பெண். கையில் கிடைத்ததைக் கொத்திப் பார்க்காமல் இருக்க மாட்டாள். கிரேயான், காலர் நுனி, பக்கத்துப் பிள்ளையின் ரிப்பன் என்று எல்லாம் ஒருமுறை வாய்க்குள் போய்த்தான் வெளியே வரும்.

பெட்டியைக் காலையில் குருவியே கொண்டுவந்தாள். நான் வாங்குவதற்குள் பிள்ளைகள் சூழ்ந்துவிட்டார்கள். குளம் வரைந்த பலகை, நிறப் பகடை, வாயில் இரும்புத் தகடு பதித்த மர மீன்கள், இரண்டு தூண்டில்கள். ஒவ்வொரு தூண்டிலின் கயிற்று நுனியிலும் பம்பரம்போல ஒரு மரக்கட்டை. கட்டையின் கூரான முனையில் பட்டாணி அளவுக் காந்தம் ஒட்டியிருந்தது.

"மிஸ் தொண்டை பாக்கப் போறாங்க" என்று வக்கீல் அறிவித்தான். எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கும் ஐந்து வயதுப் பையன் அவன்.

மீன்கள் தொண்டைக்குள் விழவில்லை. பகடையும் விழவில்லை. ஒரு தூண்டில் முனையை உள்ளே இறக்கினேன். மரக்கட்டையின் அகன்ற பகுதி வாயிலேயே தட்டி நின்றது. கயிற்றைப் பிடித்துத் தூக்கியபோது ஒரு சிறிய பிடிப்பு தெரிந்தது. விளிம்பு உரசுகிறது என்று நினைத்தேன். பிள்ளைகள் என் தோளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போலத் தொண்டையை உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தேன், எதுவும் விழவில்லை. அதைப் பைக்குள் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினோம்.

நன்றாகத்தான் போயிற்று. பகடையில் நீலம் விழுந்தால் நீல மீன், மஞ்சள் விழுந்தால் மஞ்சள் மீன். ஒருவர் பிடித்தால் எல்லோரும் கை தட்டினார்கள். இடையில் நான் பிஸ்கட் தட்டை எடுத்துவர உள்ளறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது, அதுவரை பெட்டியிலேயே கிடந்த இன்னொரு தூண்டில் குருவியின் கையில் இருந்தது.

"மிஸ், எனக்கு மட்டும் மீன் வரமாட்டேங்குது."

"பகடையில என்ன நிறம் விழுந்துச்சு?"

"பச்சை. பச்சை மீன் தலையில வச்சுட்டேன். அது வரலை."

கயிற்று நுனியைக் கையில் எடுத்தேன். மரக்கட்டையின் கூர்முனையில் காந்தம் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி, குழிக்குள் காய்ந்த பசை. குருவியின் கன்னம் ஒரு பக்கம் அசைந்துகொண்டிருந்தது.

அவள் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினேன். பிஸ்கட் கூழ்தான் இருந்தது. எல்லோரையும் நாற்காலிகளில் ஏறி நிற்கச் சொன்னேன். பாயை உதறினேன், அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் தள்ளினேன், மற்றத் தூண்டிலைத் தரை முழுக்க இழுத்துப் பார்த்தேன். ஒரு குண்டூசி ஒட்டியது. வேறொன்றும் இல்லை.

"குருவி, இதுல கறுப்பா உருண்டையா ஒண்ணு இருந்துச்சே. வாயில போட்டியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"முழுங்கிட்டியா?"

ஆட்டினாள்.

"கீழ போட்டியா?"

அதற்கும் ஆட்டினாள்.

"அவ சாப்பிட்டா மிஸ். நான் பாத்தேன்" என்றான் வக்கீல்.

"என்ன சாப்பிட்டா?"

"என் பிஸ்கட்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பெரிய மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குருவியின் அம்மாவுக்குப் போன் செய்தார். அப்போதுதான் குருவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது" என்றாள்.

"நீ கூட்டிட்டுப் போ. அவங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுவாங்க" என்றார் பெரிய மிஸ்.

ஆட்டோவில் குருவியை மடியில் வைத்து அவள் நெஞ்சில் கை வைத்திருந்தேன். ஒவ்வொரு மூச்சும் என் கைக்குத் தெரிந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் கடக்க முடியவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது அவள் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"தூங்காதடி செல்லம். என்னைப் பாரு."

"வெயிலு மிஸ்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

ஆஸ்பத்திரி வாசலில் குருவியின் அம்மா நின்றிருந்தார். தபால் நிலையக் கவுன்டரிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். விரல்களில் முத்திரை மை. என் மகனைப் பற்றி அவருக்குத் தெரியும். பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினார்.

"முழுங்கினதை நீங்க பாத்தீங்களா மிஸ்?"

"பாக்கலை. ஆனா எங்கேயும் கிடைக்கலை."

"நான்தானே வாங்கிக் குடுத்தேன்" என்றார். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

டாக்டர் இளையவர். குருவியின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு காந்தம்னா பெரும்பாலும் தானா வெளிய வந்துடும். கூட இன்னொரு காந்தமோ இரும்புத் துண்டோ போயிருந்தாத்தான் வம்பு. ரெண்டும் குடலை நடுவுல வச்சு ஒட்டிக்கும். வேற எதையாவது முழுங்குற பழக்கம் உண்டா?"

நானும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குருவியைப் பற்றி இப்படி ஒரு கேள்வி. பள்ளித் தரையில் கிடந்த அந்தக் குண்டூசி என் நினைவுக்கு வந்தது.

எக்ஸ்ரே அறைக்குள் என்னை விடவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. படம் எடுப்பவர் திரையைப் பார்த்து, "ஆமா, இருக்கு" என்றார், சாதாரணமாக. எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன விலா எலும்புகள், அவற்றுக்குக் கீழே இடுப்புப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுவரின் பச்சை பெயின்ட் கொப்புளித்திருந்தது இப்போதும் என் விரல்களுக்கு நினைவிருக்கிறது. உள்ளே குருவியின் அம்மா ஏதோ சொல்வது கேட்டது. பிறகு படம் எடுப்பவரின் குரல், "அட, பாவாடையில பட்டன் இருக்கா? அதைக் கழட்டிட்டு வரச் சொன்னேனே."

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை விலா எலும்புகள் இருந்தன, வட்டம் இல்லை. டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. வயிறு முழுக்கக் காத்து. காலையில என்ன சாப்பிட்டா?"

"அவ பிஸ்கட்டும் ஊரார் பிஸ்கட்டும்" என்று சொல்லி அவள் அம்மா சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருவியின் வயிற்றில் இல்லை, தரையிலும் இல்லை. அப்படியானால் அது இன்னொரு பிள்ளையிடம் இருக்கிறது. நான் உள்ளறைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தத் தூண்டில் எத்தனை கைகளுக்குப் போனதோ. அத்தனை பேரையும் விட்டுவிட்டு, வாயசைத்தவள் என்பதற்காக ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறேன். வக்கீல் காலையிலிருந்து ஒருமுறைகூடத் தண்ணீர் கேட்கவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. இன்னொருத்தி மூலையில் படுத்திருந்தாள். தூக்கம் என்று நினைத்துப் போர்த்திவிட்டு வந்திருந்தேன்.

பெரிய மிஸ்ஸிடமிருந்து போன் வந்தது.

"குருவிக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "ஆனா யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீங்க."

"ரெண்டு பேரு கிளம்பிட்டாங்களே. ஏன்?"

"வக்கீல் இருக்கானா?"

"அவனும் அவங்க தாத்தாகூட இப்பத்தான் போனான். என்னன்னு சொல்லு."

"எல்லாரையும் படம் எடுக்கணும். மூலையில படுத்திருக்காளே, அவளை எழுப்புங்க. மூச்சு எப்படி இருக்குன்னு பாருங்க."

போனை வைக்காமலே வராந்தாவில் நடந்தேன். அந்தப் பக்கம் பெரிய மிஸ்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்தது, பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் உடனே பள்ளிக்குப் போக வேண்டும். ஆட்டோவுக்குக் காசு வேண்டும். பைக்குள் கைவிட்டபோது சாவிக்கொத்துதான் சிக்கியது, அதைப் பிடித்து இழுத்தேன். அது கனமாக வந்தது.

சாவி வளையத்தில் தொண்டை தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு இல்லை, கொக்கி இல்லை. குழாயின் அடிப்பக்கம், திருகாணித் தலையில், வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் சேலை ஊக்கு ஒன்றும் ஒட்டியிருந்தது.

வளையத்தைப் பிய்த்தேன். விட்டால் மறுபடி போய் ஒட்டியது. குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி உள்ளே பார்த்தேன். அடியில், திருகாணியின் முனைமேல், கறுப்பாக, பட்டாணி அளவில் அது உட்கார்ந்திருந்தது.

"எழுந்துட்டா" என்றது போன். "நல்லாத்தான் இருக்கா. எழுப்பினதுக்கு அழறா. கேக்குதா? ஏன் பேச மாட்டேங்கற?"

குருவியின் அம்மா வந்து என் கையிலிருந்ததை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு போனையும் வாங்கி, "கிடைச்சிடுச்சு மேடம். மிஸ்கிட்டயேதான் இருந்துச்சு" என்றார். என்னைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தவரும் அவர்தான். குருவி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இப்ப மீன் வருமா?"

மாலையில் என் வீட்டுக்காரர் திருகுளியை உள்ளே விட்டார். காந்தம் தானே தாவி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டது. அதை வெளியே எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"பசை போட்டு ஒட்டியிருக்கணும். இரும்பாணி போட்டது என் புத்தி."

"காந்தம் வரும்னு நீங்க கண்டீங்களா?"

"கழண்டு விழாம இருக்கணும்னு போட்டேன். பசையை நம்பலை."

அடுக்களைத் தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரார் குழாயையெல்லாம் சரிசெய்பவர் வீட்டுக் குழாய் அது. நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஆட்டோ, பச்சைச் சுவர், பாவாடைப் பட்டன் எல்லாம். எக்ஸ்ரே பற்றிச் சொன்னபோது அவர் தலையைத் தூக்கினார்.

"நம்ம பையனுக்கு ஒரு படம் எடுக்கக்கூட நேரம் கிடைக்கலை" என்றார்.

அவன் போனபின் அவனைப் பற்றி அவர் வாய்திறந்து சொன்ன முதல் வாக்கியம் அது. நான் அவர் கையிலிருந்து திருகுளியை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

மறுநாள் அவர் காந்தம் இரண்டையும் எடுத்துவிட்டு, தூண்டில்களுக்கு மரக் கொக்கி செதுக்கித் தந்தார். மீன்களின் வாயிலிருந்த தகடுகளைப் பெயர்த்து, திரைச்சீலை வளையங்களை மாட்டினார். ஒவ்வொரு வளையத்தையும் தொண்டையில் வைத்துப் பார்த்தார், பிறகு நான் பார்த்தேன், பிறகு மறுபடி அவர் வாங்கிப் பார்த்தார். தொண்டையில் இப்போது திருகாணி இல்லை. பசைதான் போட்டிருந்தார். மூடியை நான் தினமும் இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.

மறுபடி ஆடியபோது குருவிக்குப் பச்சை மீன் கிடைத்தது. கிடைத்ததும் அதன் வாலை வாய்க்குள் திணித்தாள். மீன் பெரியது. அது போகாது என்று எனக்குத் தெரியும், நானே அளந்தது. இருந்தும், அவள் அதை வெளியே எடுத்து வக்கீலின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டும்வரை, என் கை அவள் முதுகுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது.