பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

தம்புசாமி இரண்டாம் தடவை தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தபோதும் திரை கறுப்பாகவே இருந்தது. மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஓர் ஆங்கில வரி, ஹார்ட் டிஸ்க் ஃபெயில் என்று. பழுது பார்க்க வந்த விஜயன் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினான், வாங்கியதைக் குடிக்காமல் மேசை ஓரத்தில் வைத்தான். சாப்பாட்டு மேசை முழுக்கக் கம்ப்யூட்டரின் குடல் பரப்பிக் கிடந்தது. பட்டை ஒயர்கள், திருகாணிகள், மூடி கழற்றிய பெட்டி, பழைய டிஸ்க், புது டிஸ்க். தம்புசாமியின் மனைவி புஷ்பவல்லி இருந்திருந்தால் சோறு தின்கிற இடத்தில் இதென்ன கண்றாவி என்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்திருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டதால் விஜயன் நிம்மதியாகப் பரப்பியிருந்தான்.

கம்ப்யூட்டர் அவளுடையது. வக்கீல் ஆபிசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள், விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று அதை வாங்கிப் போட்டாள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து அழைப்பும் வேலை மனுவும் அவள் கையால் அடித்தவைதான். தம்புசாமி ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறைச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் அவருக்கு ரேடியோ அலற வேண்டும். அவளுக்கோ டைப் அடிக்கும்போது வீடு அமைதியாக இருக்க வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் இதே வழக்கு, தீர்ப்பு மட்டும் வந்ததே இல்லை.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுக்க வந்த கடைக்காரப் பையன் ஒரு சின்ன மைக்கை அவள் முன்னால் நீட்டி, ஏதாவது பேசுங்க ஆன்டி, இனிமேல் சுவிட்ச் போடும்போதெல்லாம் அதையே சொல்லும் என்றான். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல் முழித்தாள். அடுப்படியில் ரேடியோ வழக்கம்போல அலறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பி, “ஏங்க, அந்த ரேடியோவ கொஞ்சம் சின்னதா வைங்க, ஒன்னுமே கேக்க மாட்டேங்குது” என்றாள். பையன் சிரித்துக்கொண்டே அதையே பதிந்துவிட்டுப் போனான்.

அவள் போன பிறகு அந்தப் பெட்டியில் தம்புசாமிக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்ச் போடுவதும் அணைப்பதும்தான். காலையில் குளித்து விபூதி பூசியதும் முதலில் ரேடியோவைப் போடுவார், நன்றாகச் சத்தமாக. பிறகு கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அது முக்கி முனகி எழுந்து, ஏங்க என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லும். அவர் எழுந்து போய் ரேடியோவைக் குறைப்பார். சில நாள், சரி சரி குறைச்சிட்டேன் என்று வாய்விட்டும் சொல்வார். ஒருநாள் எதிர்வீட்டு சீதாலெட்சுமி, யாருகிட்டண்ணே பேசுறீங்க என்று கம்பிக் கதவு வழியாகக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மரக்கதவையும் சாத்திக்கொண்டார். செத்தவளோடு கிழவன் குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் சிரிப்பதற்கு அவர் ஏன் வழிவிட வேண்டும்?

போன மாதம் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எந்த இயந்திரம் சாகப்போகும்போது எப்படிக் கத்தும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. உடனே விஜயனுக்குப் போன் போட்டார். விஜயன் பண்டமாரானில் இருக்கிறான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. அவன் கல்யாணப் பத்திரிகையும் புஷ்பவல்லி அடித்ததுதான், அந்த மரியாதைக்கு ஓடி வந்தான். வந்து பார்த்துவிட்டு, டிஸ்க் போகப்போகுது அங்கிள், புதுசு ஒன்னு போட்டு வின்டோசையும் புதுசா ஏத்திடலாம், ஆன்டி அடிச்ச ஃபைலை மட்டும் எடுத்து வச்சுக்கலாம் என்றான்.

“புதுசெல்லாம் வேணாம். இருக்குறது அப்படியே வேணும்” என்றார் தம்புசாமி. ஏன் என்று அவன் கேட்டதற்கு, அப்படித்தான் என்றார். கிழவர் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகல் எடுக்கிற வழி இருக்கிறது, அதையே செய்வோம் என்று விஜயன் ஒத்துக்கொண்டான். புது டிஸ்க்கை வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டு, சனிக்கிழமை வருகிறேன் என்று போனான்.

இடையில் வந்தது சரஸ்வதி பூசை. அங்கேதான் சனி பிடித்தது. பட்டறையில் அந்த நாள் ஒரு திருவிழா. லேத் மெஷினிலிருந்து சுத்தியல் வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பொட்டைக் கைப்பிடியில் வைக்கக் கூடாது, வேலை செய்கிற வாயில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் செட்டில் பழக்கம். புஷ்பவல்லி இருந்தவரை வருசா வருசம் கம்ப்யூட்டருக்கு அவள்தான் பொட்டு வைப்பாள், விசைப்பலகை மேல் ஒரு முழம் பூவும் வைப்பாள். போன வருசம் துக்கத்தில் பூசை இல்லை, இந்த வருசம் அவர்தான் வைக்க வேண்டியிருந்தது. புது டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்துச் சாமி தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு வாய் எது? ஒரு பக்கம் வழவழவென்று தகடு, பின்பக்கத்தில் சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நின்றன. இதுதான் வாய் என்று முடிவு செய்து, அவளுக்காகக் கொஞ்சம் தாராளமாகவே சந்தனத்தைக் குழைத்து அந்த ஊசிகளின் மேல் அப்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் விஜயன் பார்த்தால் சிரிப்பானே என்று தோன்றியது. ஈரத் துண்டால் துடைத்துப் பையில் போட்டுவிட்டார். அவர் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை வந்த விஜயன், காட்டுத்தீப் புகைக்குக் கட்டியிருந்த முகமூடியைக் கழற்றிவிட்டு, கிள்ளானில் புகைமூட்டம் இன்னும் மோசம், எதிரே வருகிற லோரிகூடத் தெரியவில்லை என்றான். இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டியில் மாட்டினான். பெட்டிக்குள் எப்போதும் ஒருத்தன்தான் முதலாளியாம், மற்றவன் கூலியாம். டிஸ்க்கின் பின்னாலிருக்கும் ஊசிகளில் எந்த ஜோடிக்கு ஒரு குட்டிப் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டுகிறோமோ அதை வைத்து யார் யாரென்று பெட்டி தெரிந்துகொள்ளுமாம். புதியதைக் கூலியாக்கி நகல் எடுத்தான். பழையது இரண்டொரு தடவை கரகரத்தாலும் வேலை தடங்கலில்லாமல் முடிந்தது. பிறகு பழையதைக் கழற்றிவிட்டு, தொப்பியை வேறு ஜோடிக்கு மாற்றிப் புதியதை முதலாளியாக்கிச் சுவிட்சைப் போட்டான். அப்போது வந்ததுதான் அந்த வெள்ளை வரி.

ஒயரை மாற்றினான், பெட்டியின் அமைப்பில் போய் என்னென்னவோ தட்டிப் பார்த்தான், வரி அசையவில்லை. நகல்தான் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று பழையதைத் திரும்ப மாட்டி, முதலில் எடுத்ததன் மேலேயே மறுபடியும் நகல் எடுக்க ஆரம்பித்தான். இந்தத் தடவை பழைய டிஸ்க், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கத்தியது. சில இடங்களைப் படிக்க முடியவில்லை, தாண்டிப் போகட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. விஜயன் உதட்டைக் கடித்துக்கொண்டு சரி சரி என்று தட்டினான். ஒருவழியாக முடிந்ததும் பழைய டிஸ்க் ஒரு பெருமூச்சோடு நின்றது. அதற்கப்புறம் சுற்றவே இல்லை. புதியதை மட்டும் வைத்துச் சுவிட்ச் போட்டால், மறுபடியும் அதே வரி.

“அங்கிள், இனிமே ஒன்னும் செய்ய முடியாது லா. பழசும் போச்சு. புதுசா வின்டோஸ் ஏத்திடுறேன்” என்றான்.

தம்புசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே இருந்த ரயில் பாதையைப் புகை முழுங்கியிருந்தது. மின்சார ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

“அதுல அவ கொரலு இருக்கு விஜயா” என்றார். “காலைல போட்டா பேசும். அதுக்குத்தான் அப்படியே வேணும்னேன்.”

விஜயன் சிரிக்கவில்லை. அவர் பயந்தது அதற்குத்தான், அது நடக்கவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான்.

“மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு டிஸ்கெட்ல போட்டுக் கையில குடுத்திருப்பேனே அங்கிள். ரெண்டு நிமிச வேலை.”

விஜயன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவன்போல அவசரமாகப் புது டிஸ்க்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். இன்னொரு தடவை முகர்ந்தான்.

“இதுல சந்தனம் வச்சீங்களா?”

“சரஸ்வதி பூசை இல்லையா, கொஞ்சமா வச்சேன். தொடச்சிட்டேன் லா.”

துடைத்ததெல்லாம் மேலே இருந்ததுதான். மீதி ஊசிகளுக்கு நடுவே போய் இறுகி, முதலாளியாக்கத் தொப்பி மாட்ட வேண்டிய அந்த ஜோடியை மெழுகியிருந்தது. முதலாளி யாரென்று பெட்டிக்குத் தெரியாமல் போனது அதனால்தான். விஜயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து எங்கெங்கோ தேடுறேன், கடைசியில பூசைச் சந்தனத்துலயா இருந்துச்சு என்று பழைய பல்துலக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி ஊசிகளைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்துக்கொண்டிருந்த கை திடீரென்று நின்றது. சிரிப்பும் நின்றது.

தம்புசாமி அதைக் கவனித்தார். கோளாறைக் கண்டுபிடித்த ஆள் எப்படி நிற்பான் என்பதைப் பட்டறையில் எத்தனையோ தடவை பார்த்தவர். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை அவருக்கும் மெல்ல விளங்கியது.

“அப்ப மொத தடவ எடுத்தது நல்லாத்தான் இருந்துச்சா?”

“தெரியல அங்கிள்” என்றான் விஜயன், ஊசிகளைப் பார்த்துக்கொண்டே. அதற்கு மேல் தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மாட்டிச் சுவிட்ச் போட்டதும் அந்த வரி போய்விட்டது. வேறொரு வரி வந்தது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் காணவில்லை என்று. இது ஒன்னுமில்ல என்றான் விஜயன். உள்ளே எல்லாம் இருக்கிறதாம், எந்த இடத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் அதற்குக் குறித்துக் கொடுக்கவில்லையாம். டிஸ்கெட் ஒன்றைச் சொருகி அந்தக் குறியைப் போட்டான். மறுபடி சுவிட்ச். வின்டோஸின் மேகப் படம் வந்தது. மேகங்கள் போய்ப் புஷ்பவல்லியின் பச்சைத் திரை வந்தது, அவள் அடுக்கி வைத்தபடியே இடப்பக்கம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள். அவர் வயசை மறந்து ஸ்பீக்கர் பக்கம் ஓடினார்.

“ஏங்க.”

அவ்வளவுதான். அவள் குரல்தான், பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல. அதற்கப்புறம் ஸ்பீக்கர் பேசவில்லை. ஆனால் முடிந்தும் விடவில்லை. அந்த வாக்கியம் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் ஓடி, டக்கென்று நின்றது.

விஜயன் கையில் ஒரு திருகாணியோடு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான். அந்த இடம் படிக்க முடியாமத் தாண்டிப் போயிடுச்சு போல என்று முணுமுணுத்தான்.

இன்னொரு தடவை போடு என்றார் தம்புசாமி. விஜயன் அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டான். அவர் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நல்ல காதுப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். மேகங்கள் வந்து போயின. பச்சைத் திரை வந்தது.

“ஏங்க.”

“என்னா?” என்றார்.

இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. விஜயன் இருப்பதை அவர் மறந்திருந்தார், மரக்கதவு திறந்து கிடப்பதையும்தான். கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

“சொல்லு, கேக்குது” என்றார்.