ஈக்காட்டுத்தாங்கல் புள்ளி

வரைபடத்தில் ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தருகே தான் வைத்த சிவப்புப் புள்ளியை ஸ்ரீரஞ்சனி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மை போகவில்லை. அடையாற்றிலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் எந்த நீர்ச் சிற்றுண்ணி எங்கே வாழ்கிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. கடுகில் பாதிகூட இல்லாத எட்டுக்கால் உயிர்கள். வயிற்றுப்புறத் தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரித்திருந்தாள். மேற்கே ஏரிகளின் பக்கம் பல இனங்கள். நகரத்தை நெருங்க நெருங்கக் குறைந்து, பட்டறைகள் தொடங்கும் இடத்திலிருந்து ஒன்றுமே இல்லை. ஆய்வேடு சொன்னது அதைத்தான். ஆனால் பட்டறைகளுக்கு நடுவே, அந்தப் பாலத்தடியில் கறுத்து ஓடும் தண்ணீரிலிருந்து எடுத்த குப்பியில் ஒன்றே ஒன்று கிடந்தது.

“மேல ஏரிப்பக்கம் போட்ட வலையைக் கழுவாம இங்கயும் போட்டிருப்பம்மா. அந்தப் புள்ளிய எடுத்துட்டு டைப்பிங்குக்குக் குடுத்துடு” என்று வழிகாட்டி மாணிக்கவாசகம் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வலையைக் கழுவுவது அவள் வழக்கம்தான். அன்று கழுவினாளா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழ்வார்பேட்டை வீட்டில் காபியை ஆறவிட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். கணவன் ராகவேந்திரன் வங்கிக்காரன். டெல்லி மாற்றலை அவளுக்காக ஒருமுறை தள்ளிப்போட்டவன். இன்னொரு முறை கேட்க முடியாது.

“எதுக்கு இப்படி நடந்துண்டே இருக்கே?”

“அந்தத் தண்ணிய இன்னொரு தடவை பாக்கணும்.”

“பூச்சி இருந்துதுன்னா?”

“நான் எழுதினது தப்பு. கீழ்ப்பக்கம் பூரா திரும்ப வலை போட்டுப் பாக்கணும். அடுத்த மழை வரைக்கும் ஆகும்.”

“இல்லேன்னா?”

“நம்ம வலைல வரலேன்னுதான் சொல்ல முடியும்.”

அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். டெல்லியைப் பற்றி வழியில் இருவரும் பேசவில்லை.

பாலத்தடியில் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். புது வலை. கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், “இன்னாம்மா தேடிக்கினு கீற? கார்ப்பரேசனா? கொசு மருந்தா?” என்றார்.

“இல்லீங்க, பூச்சி பாக்கறோம்.”

“இதுலயா?” என்று சிரித்துவிட்டு அவர் பட்டறைக்குள் போனார்.

புல் வேர்களுக்கிடையே வலையை இழுத்து, வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, சேறு படியக் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தாள். ஒன்றுமில்லை. நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இழுத்தாள். படிந்த சேற்றின் மேல் ஒரு சிவப்புத் துளி நகர்ந்தது. நின்றது. பிறகு வட்டமிட்டு நீந்தத் தொடங்கியது.

தட்டைச் சாய்த்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. கை அசையவில்லை. நிமிர்ந்தபோது ராகவேந்திரன் கரையிலிருந்து குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதுவா?”

“ம்.”

“உசுரோடயா இருக்கு?”

“ம்.”

 அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, அவள் பையிலிருந்த காலிக் குப்பியோடு இறங்கினான். எண்ணெய்ப் படலம் அவன் கால்களைச் சுற்றிக் கிழிந்து, பச்சையும் ஊதாவுமாகச் சுழன்று, மெல்ல மூடிக்கொண்டது.