முப்பத்தொன்பது நகர்வுகள்

நவம்பர் 16. பிழை: ஆட்டத்தின் நடுவே எதிராளியிடம் பேசினேன். அதையும் தாமதமாகப் பேசினேன்.

இதை எழுதிவிட்டு ரானோ பேனாவை மூடினாள். உடனே திறந்து, எழுதியதைத் திரும்பப் படித்தாள். மாலைக் கல்லூரியில் மருந்தியல் படிக்கிறவள் அவள். பாட நோட்டின் கடைசிப் பக்கங்களில், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தேதி போட்டு ஒரு பிழையாவது குறித்துவைப்பாள். யானையைத் தவறான பக்கம் கொண்டுபோனேன், ராணியை அவசரப்பட்டு மாற்றிக்கொண்டேன் என்பதுபோல. இன்றையது அந்த வகையில் சேரவில்லை.

தாஷ்கந்தில் நடக்கும் தேசியப் பெண்கள் சதுரங்கப் போட்டியின் கடைசிக்கு முந்தைய சுற்று அது. உலகக் கோப்பைக்குப் போக ஒரே ஓர் இடம். அதற்கு மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர்: ஐந்து முறை பட்டம் வென்ற மொஹிரா, இதுவரை ஒன்றும் வெல்லாத ரானோ. இருவருக்கும் ஆறரைப் புள்ளி. இன்று அவர்கள் இருவருக்கும்தான் ஆட்டம். மொஹிரா மூத்தவள்; ரானோ அவளை ஓபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

மொஹிராவுக்கு வெள்ளை. பிற்பகல் மூன்றரை மணிக்கு அவளிடம் ஒரு சிப்பாய் கூடுதல்; ரானோவின் ராஜாவைச் சுற்றி ஆளில்லை. ரானோ தன் நகர்வை வைத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். தாளில் எழுதினாள். முப்பத்தொன்பது.

முதல் கட்ட நேரம் தீர்வதற்குள் நாற்பது நகர்வுகளை முடித்தாக வேண்டும். முடித்தால் இன்னும் அரை மணி கிடைக்கும், முடிக்காவிட்டால் தோல்வி. மொஹிராவின் கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அவளோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, தேநீர்க் குடுவையை அருகே இழுத்து, கிண்ணத்தில் ஊற்றி அதைக் குடுவைக்கே திருப்பி ஊற்றினாள். விருந்தாளி வந்த வீட்டில் செய்வதுபோல மூன்று தடவை. நிதானமாக.

ரானோவுக்கு முதலில் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. ஒரு நகர்வை எழுத விட்டுவிட்டோமோ? தாளின் மேலிருந்து விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தொன்பதுதான். எதிரே தலைகீழாகத் தெரிந்த மொஹிராவின் தாளைப் பார்த்தாள். முப்பத்தோராவது வரி காலியாக இருந்தது. அந்த நகர்வின்போதுதான் மொஹிராவின் பேனா எழுதாமல் போக, நடுவர் வேறு பேனா கொண்டுவந்து கொடுத்தார். புதுப் பேனாவால் ஒரு வரி தள்ளி எழுதியிருக்கிறாள். அவள் கணக்கில் நாற்பது முடிந்துவிட்டது.

இந்தக் கடிகாரங்கள் முதல் நேரம் சுழியத்துக்கு வந்த பிறகே அரை மணியைக் கூட்டிக் காட்டும். அதனால் எண்கள் இறங்குவதைப் பார்த்தும் மொஹிராவுக்குப் பதற்றமில்லை.

ஒரு நிமிடம் நாற்பது.

நடுவர் ஜமோல் அகா பக்கத்திலேயே கைகட்டி நின்றார். அவருக்குத் தெரியும். எத்தனையாவது நகர்வு என்று அவர் சொல்லக் கூடாது. எதிராளி எதையுமே சொல்லக் கூடாது. சும்மா இருப்பதுதான் விதி. விதிப்படி இருப்பதற்கு ஏன் இப்படிக் கால் நடுங்குகிறது என்று ரானோவுக்கு விளங்கவில்லை. முழங்கால் பட்டு மேசை லேசாக ஆடியது. மொஹிரா புருவத்தைச் சுருக்கினாள். ரானோ முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒருவேளை ஓபாவுக்குத் தெரிந்திருக்கலாம். நகர்வைத் தயாராக வைத்துக்கொண்டு வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டலாம். இத்தனை வருஷம் ஆடியவள் நாற்பது வரை எண்ணத் தவறுவாளா?

ஐம்பது விநாடி. மொஹிரா தேநீரை ஊதிக் குடித்தாள்.

எழுந்து நடந்துவிடலாம் என்று ரானோவுக்குத் தோன்றியது. நடைபாதையில் போய் நின்றுகொண்டால் எதையும் பார்க்க வேண்டாம். நாற்காலியைப் பின்னால் தள்ளப் போனவள் நிறுத்திக்கொண்டாள். சத்தம் கேட்டால் ஓபா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள்.

அப்படி நினைத்த மாத்திரத்தில் முகம் சூடானது. இதுவரை சும்மா இருந்தது வேறு, இப்போது சும்மா இருப்பது வேறு. இருபத்தொன்று. பதினெட்டு. உலகக் கோப்பை, உலகக் கோப்பை என்று காதுக்குள் ஒரே இரைச்சல்.

ஒன்பதில் வாய் திறந்தது.

"ஓபா, முப்பத்தொம்பதுதான் ஆச்சு."

மொஹிரா புரியாமல் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். கிண்ணம் கவிழ்ந்தது. கைக்கு எட்டிய யானையை எங்கோ ஒரு கட்டத்தில் வைத்துக் கடிகாரத்தை அடித்தாள். இரண்டு விநாடி மிச்சம்.

ஜமோல் அகா கடிகாரத்தை நிறுத்தினார்.

"என்ன பேசின?"

"எத்தனாவது நகர்வுன்னு சொன்னேன், அகா."

"சொல்லக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே சொன்னியா!" அவர் பெருமூச்சு விட்டார். "சரி, எச்சரிக்கை. மொஹிராவுக்கு ரெண்டு நிமிஷம் கூட்டுறேன்."

"எனக்கா? போடுங்க, போடுங்க. யார் வேணாம்னா?" என்றாள் மொஹிரா, நனைந்த தாளைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே.

அந்த யானை நின்ற இடம் மோசம். நான்கு நகர்வில் கூடுதல் சிப்பாய் போயிற்று. ரானோவின் ராஜாவும் தப்பியது. ஆனால் ரானோவால் பலகையில் மனதை வைக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டாவது நகர்வில் வெற்றிக்கு ஒரு வழி இருந்தது. அது அவள் கண்ணில் பட்டபோது குதிரை ஏற்கெனவே வேறு பக்கம் போயிருந்தது. அறுபத்தொன்றில் கை கொடுத்துக்கொண்டார்கள். சமன்.

மேலங்கிகள் மாட்டியிருந்த இடத்தில் மொஹிரா அவளுக்காகக் காத்திருந்தாள்.

"நான் உங்கிட்ட கேட்டேனா?"

"இல்ல, ஓபா."

"நீ வாய மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப. நீ சொன்னதால நான் கையில கெடச்சத வச்சு, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தக் கெடுத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் நட்டம். நல்ல வேல பாத்த போ."

ரானோ மேலங்கியின் பொத்தானைத் தவறான துளையில் போட்டாள்.

"எப்போ பாத்த?" என்றாள் மொஹிரா, குரலைத் தாழ்த்தி.

பொய் சொல்ல நேரமிருந்தது. "ஒரு நிமிஷம் நாப்பது இருக்கும்போது."

மொஹிரா அவளையே பார்த்தாள். "அந்த நிமிஷம் பூரா என்னடி பண்ணின?"

"உக்காந்திருந்தேன்."

"அம்மாடி!" மொஹிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கோபமும் போகவில்லை. "அடுத்த தடவ சொல்றதா இருந்தா சீக்கிரம் சொல்லித் தொல. இல்லன்னா சொல்லவே சொல்லாத." சால்வையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

விடுதி அறையில் குல்சோரா இரண்டு சோம்சாவைக் காகிதத்தில் சுற்றிவைத்திருந்தாள். அவளும் போட்டியில் ஆடுகிறவள்தான், கடைசி இடத்தில்.

"நேரலையில உன் வாய் அசஞ்சது ஊருக்கே தெரிஞ்சுது. பேசாம புகாரா போயி ஏதாவது தர்காவுல உக்காந்துக்க. ஜனங்க வந்து கும்புடும்."

"கிண்டல் பண்ணாத. நான் செஞ்சது தப்பா?"

"எது? பேசினதா, லேட்டாப் பேசினதா?"

"அதான் தெரியல."

"தெரியலன்னா ரெண்டையும் எழுதிக்க. சோம்சா ஆறுது, சாப்பிடு."

ரானோ ஒரு வாய் கடித்துவிட்டு வைத்தாள். எழுந்து சன்னல்வரை போனாள், வந்தாள். அந்தக் கடைசி ஒன்பது விநாடியில் வாயைத் திறந்தது நல்ல மனமா, தாங்க முடியாத நடுக்கமா? எதிரே இருந்தது குல்சோரா என்றால் முதல் நொடியிலேயே சொல்லியிருப்போமா? நாளைக்கே மறுபடி நடந்தால்?

"நடக்காத, தலய சுத்துது எனக்கு" என்றாள் குல்சோரா.

ரானோ உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். குல்சோரா சொன்னபடியே இரண்டையும் எழுதினாள். இருவருக்கும் இப்போது ஏழு புள்ளி. நாளை மொஹிராவுக்கு எதிராளி சுலபம். தனக்கு, மூன்றாமிடத்தில் இருக்கும் தில்ஃபூஸா. கீழே ஒரு கோடு போட்டு எழுதினாள்:

நவம்பர் 17. கடைசிச் சுற்று, காலை பத்து மணி. கறுப்புக் காய். வென்றாக வேண்டும். ஏழு மணிக்கு எழுந்து தில்ஃபூஸா இந்த வருடம் வெள்ளையில் ஆடிய பதினோரு ஆட்டங்களையும் பார்க்க வேண்டும்.